இந்த உடம்பைப் பட்டினி போடாதீர்கள்

(திருச்சியில் மாணவிகளும் அவர்களுடைய அம்மாக்களும் வேலைக்குப் போகும் பெண்களும் கூடியிருந்த உடல்நலக் கூட்டத்தில், உணவியல் ஆலோசகராக நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மேடம், பொண்ணுக்கு ஸ்கேன்ல கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க. எடையைக் குறைச்சா கரைஞ்சிடுமாமே, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடவா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் பேச்சு. அம்மா, நிறுத்தாதீர்கள்.

நம் ஊரில் கட்டி என்றாலே நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். பிசிஓடி உள்ளவர்களில் உடல் எடை அதிகமாக இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தால் மாதவிடாய் சீராக உதவும் என்பது உண்மை. ஆனால் கட்டி எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாலும் வரலாம், அது வேறு நோய். இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றித்தான். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பையின் மேலோ வளர்கிறது. மாதா மாதம் ஹார்மோன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அதுவும் வீங்குகிறது, கசிகிறது, சுற்றியுள்ள இடத்தைப் புண்ணாக்குகிறது. நாள்பட அங்கே தழும்பு விழுந்து, தனித்தனியாக அசைய வேண்டிய உறுப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. இதற்கும் எடைக்கும் நீங்கள் நினைக்கிற தொடர்பு இல்லை. சொல்லப்போனால், ஒல்லியான பெண்களிடம்தான் இந்த நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படியிருக்க, என்னிடம் வருகிற பெண்கள் பலர் ஏற்கெனவே பாதி உணவை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று பாலை விட்டிருப்பார்கள். அப்புறம் கோதுமை, அப்புறம் அரிசி, அப்புறம் முட்டை. வலி அப்படியே இருக்கும். முடி கொட்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாதத்தில் பல நாள் வலியோடு போராடுகிற ஒரு உடம்புக்குப் பட்டினியையும் சேர்த்துக் கொடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிவதற்கே பெரும்பாலும் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்கு இது கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 36. பதின்ம வயதிலிருந்தே வலியோடு இருந்தவர் அவர். பிறகு 2009-இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இதற்கென்றே அமெரிக்காவில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். வசதியும் படிப்பும் உள்ளவருக்கே அந்த நிலை.

நம் வீடுகளில் நடப்பதைச் சொல்ல வேண்டுமா? வயசுக்கு வந்தவுடன் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறோம். இடுப்புக்குப் பலம் என்கிறோம். நல்ல பழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே பெண் இரண்டு வருடம் கழித்து, வலி தாங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தால், "பொம்பளைன்னா இதெல்லாம் தாங்கிக்கணும், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறோம். சரியாகாது. கல்யாணம் மருந்து அல்ல, பிள்ளை பெறுவதும் மருந்து அல்ல.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எந்த உணவும் இந்தத் திசுவைக் கரைக்காது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வலியைக் குறைக்க இன்ன உணவு, இன்ன உடற்பயிற்சி என்று திட்டவட்டமாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். அதனால், 'இருபத்தொரு நாளில் குணம்' என்று யாராவது பொடி விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். உணவாலும் பயிற்சியாலும் ஆகிற காரியம் வேறு. குடலை அமைதிப்படுத்தலாம், ரத்தத்தைக் கூட்டலாம், எலும்பைக் காக்கலாம், அன்றாட வேலைக்குத் தெம்பு தரலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இது சின்ன விஷயம் அல்ல.

குடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு வயிறு உப்புசம் மிக அதிகம். காலையில் சரியாக இருந்த சுடிதார் பேன்ட் நாடா சாயங்காலம் இறுக்கும். ஐந்து மாதக் கர்ப்பிணி போல வயிறு வந்துவிடுகிறது என்று பலர் அழுதிருக்கிறார்கள். குடல் நரம்புகள் ஏற்கெனவே கூச்சம் கண்டிருக்கின்றன. அதில் கொஞ்சம் வாயு சேர்ந்தாலும் வலியாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் லோ ஃபாட்மேப் என்று ஓர் உணவுமுறையை உருவாக்கியிருக்கிறார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிற சில வகைச் சர்க்கரைகளைக் கொஞ்ச காலம் குறைத்துப் பார்ப்பதுதான் அது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடல் தொந்தரவோடு எண்டோமெட்ரியோசிஸும் இருந்த பெண்களில் 72 சதவீதம் பேருக்கு இதனால் நல்ல பலன் கிடைத்தது. எண்டோமெட்ரியோசிஸ் இல்லாமல் குடல் தொந்தரவு மட்டும் இருந்த பெண்களில் அது 49 சதவீதம்.

நம் சமையலில் அந்தச் சர்க்கரை எங்கே இருக்கிறது? வெங்காயத்திலும் பூண்டிலும்தான் முதலில். அப்புறம் கோதுமை, கொண்டைக்கடலை, பால், காலிஃபிளவர், ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி. சோறு இந்தப் பட்டியலிலேயே இல்லை! எல்லோரும் முதலில் நிறுத்துவது அதைத்தான். கேரட், பீன்ஸ், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், ஆரஞ்சு, பப்பாளி, முட்டை, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம்.

வெங்காயம் பூண்டு இல்லாமல் குழம்பா என்று முகம் சுளிக்காதீர்கள். நல்லெண்ணெயைக் காயவைத்து, நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பொன்னிறமாகி வாசம் எண்ணெயில் இறங்கியதும் பூண்டை அரித்து எடுத்துவிடுங்கள். தொந்தரவு தருகிற அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெயில் பூண்டின் மணம் மட்டும் நிற்கும். அதிலேயே கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தால் ரசத்துக்கு எந்தக் குறையும் தெரியாது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகைக்குப் பரவாயில்லை. ஆனால் கோதுமையே சேராத சீலியாக் நோய் உள்ளவர்கள் அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். உளுந்து வேண்டுமென்றால், களியைவிடப் புளித்த மாவில் சுட்ட இட்லி வயிற்றுக்கு இலகுவாக இருக்கும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. இது இரண்டு முதல் ஆறு வாரம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்துவைக்க வேண்டும். ஒருத்திக்குப் பூண்டு ஆகாது, பால் ஒன்றும் செய்யாது. இன்னொருத்திக்கு நேர்மாறு. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் விலக்கினால் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களே குறைந்துபோகும். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இத்தாலியில் 2012-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஒரு வருடம் குளூட்டனை விட்ட 207 பெண்களில் 75 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் குளூட்டனை விடாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதை மட்டும் நம்பிக் காலமெல்லாம் சப்பாத்தியை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரத்தம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதன்மேல் மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறவள் என்ன ஆவாள்? களைப்பைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்புச்சத்தைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பாருங்கள். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், சுவரொட்டி நல்லது. டிபன் முடிந்த கையோடு குடிக்கிற காபி, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் உணவு போதாது, மாத்திரை வேண்டும். மாத்திரையால் மலச்சிக்கல் வந்தால் பாதியில் நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நர்ஸ்கள் 70,000-க்கும் மேற்பட்டோரைப் பல வருடம் கவனித்த ஆய்வில், இந்த மீன் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் கண்டறியப்படுவது 22 சதவீதம் குறைவாகவும், வனஸ்பதி வகைக் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. இது நோய் வருவதற்கு முந்தைய கதை, வந்த நோயைக் குறைக்கும் என்பதற்குச் சான்று அல்ல. இருந்தாலும் மத்தி விலையும் குறைவு, சத்தும் அதிகம், விட வேண்டாம்.

இப்போது உடற்பயிற்சி. இதில் நான் பார்க்கிற பெரிய சிக்கல், வலி இல்லாத நாளில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது. வீட்டை ஒட்டடை அடித்து, போர்வை துவைத்து, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது. நல்ல நாளிலும் அளவாக, கெட்ட நாளிலும் கொஞ்சமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட நடையில் தொடங்கலாம். உடம்பு பழகப் பழக, வாரத்துக்கு 150 நிமிடம் என்று பெரியவர்களுக்குச் சொல்லப்படுகிற அளவை நோக்கிப் போகலாம். அவசரம் இல்லை.

அப்புறம், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடுகிற கீகல் பயிற்சியைச் செய்யச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால் கவனம். வருடக்கணக்கில் வலியைத் தாங்கி, அந்தத் தசைகள் பலருக்கு ஏற்கெனவே இறுகித்தான் இருக்கின்றன. அதை இன்னும் இறுக்கினால் வலி கூடும். தேவைப்படுவது தளர்வு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கை மேலே எழ வேண்டும், அப்போது இடுப்புத்தளமும் இளகுகிறது. மூச்சை விடும்போது எதையும் பிடிக்காதீர்கள். முழங்காலிட்டு முன்னால் குனிந்து படுக்கிற பாலாசனம், பட்டாம்பூச்சி போலக் காலை விரித்து உட்காருவது, குத்துக்காலிட்டு உட்காருவது, எல்லாம் இதற்கு ஏற்றவை. பிரேசிலில் 40 பெண்களிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், வாரம் இருமுறை எட்டு வாரம் யோகா செய்தவர்களுக்கு அன்றாட வலி குறைந்தது. இடுப்புத்தளத் தசைக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் ஒருமுறையாவது போய்க் காட்டுங்கள்.

இந்த நோய்க்குத் தருகிற டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையோ, மாதவிடாயையே நிறுத்துகிற ஊசியோ எடுப்பவர்கள் எலும்பையும் கவனிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தி குறையும், ஊசியில் இது கூடுதல். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள்ளு, தயிர், முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் சேருங்கள். நடையோடு எடை தூக்குகிற பயிற்சியும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும், ஜிம் வேண்டாம்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருவாள். பாத்ரூம் மூன்றாவது மாடியில், போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டாள். தண்ணீர் குடிக்காததால் மலச்சிக்கல். முக்கினால் உயிர் போகிற வலி. அவளுக்கு நான் என்ன டயட் சார்ட் எழுதிக் கொடுத்தாலும், பாத்ரூம் போக முடியாத இடத்தில் அது வெறும் காகிதம். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இங்கே கடை நடத்துகிறவர்கள் யாராவது வந்திருந்தால் கை கூப்பிக் கேட்கிறேன்: நாற்காலி போடுங்கள், அதில் உட்காரவும் விடுங்கள், பாத்ரூம் போகிற பெண்ணை முறைக்காதீர்கள்.

கடைசியாக, சாப்பாட்டையும் பயிற்சியையும் நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாத இடங்கள் உண்டு. மாதவிடாய் நாளில் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், மலம் கழிக்கும்போது குத்துகிற வலி, தாம்பத்தியத்தில் வலி, மாத்திரை போட்டும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத நிலை. இதில் எது இருந்தாலும் பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, மேலோட்டமாகப் படர்ந்திருப்பது ஸ்கேனில் தெரியாமல் போகலாம். போகும்போது ஒரு சின்ன நோட்டில் தேதி, வலி எங்கே, பத்துக்கு எவ்வளவு, அன்று சாப்பிட்டது, போட்ட மாத்திரை, வேலைக்குப் போனாளா இல்லையா என்று மூன்று மாதக் குறிப்பை எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாததை அந்த நோட்டு சொல்லிவிடும்.

மைக் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காகத் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்த அம்மாவின் மகளும் வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கட்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.