நடை தாமதமானால் மருத்துவரிடம் காட்டுங்கள்: எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"குழந்தை நடக்கத் தாமதமானால் பொறுத்திருப்பதா, மருத்துவரிடம் காட்டுவதா?" என்பது இன்றைய தலைப்பு. காட்டுவதே என்று நாங்கள் நிற்கிறோம். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "மொட்டு தானாக மலரும், யாரும் இதழைப் பிரித்துவிட வேண்டாம்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அவர் பேச்சு முழுவதிலும் ஒரு மாதக் கணக்குகூட வரவில்லை. பத்தாம் மாதமும் அவருக்குப் 'பொறு', இருபத்திரண்டாம் மாதமும் அவருக்குப் 'பொறு'.

கணக்கை நான் தருகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடக்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்து கிடந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே முதல் பிறந்தநாள் வந்தும் நடக்கவில்லையே என்று கலங்கும் தாய்க்கு இரண்டு அணிகளும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: கவலைப்படாதீர்கள் அம்மா, இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த 17.6 என்ன சொல்கிறது? நலமான குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அதற்குள் நடந்துவிட்டார்கள். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் காட்டுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மீதமுள்ள அந்த ஒரு குழந்தையும் நலமானதுதானே என்று எதிரணி மடக்கலாம். உண்மைதான். அதைப் போலவே தரையில் உட்கார்ந்து விளையாடும் இன்னொரு குழந்தை நலமானதா இல்லையா என்று வீட்டில் இருந்தபடி எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

எதிரணி நண்பர் ஒருவர், "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் நடந்தார், இன்று ஓட்டப் பந்தயமே ஓடுகிறார்" என்றார். தாமதமாக நடப்பது சில குடும்பங்களில் உண்டு. உட்கார்ந்தபடியே பிட்டத்தால் நகரும் குழந்தைகளும் மெதுவாகத்தான் எழுந்து நிற்பார்கள். அதுவும் வழிவழியாக வருவதுண்டு. நோயும் வழிவழியாக வருமே, நண்பரே!

டூஷேன் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருவது. பிறந்தபோது எதுவும் தெரியாது. நடை தாமதமாகலாம், பிறகு நடந்துவிடுவான், வீடு நிம்மதி அடைந்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அவன் தரையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். குப்புறத் திரும்புவான். இரு கைகளையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவான். ஒரு கை முழங்காலுக்கு வரும், மறு கை தொடைக்கு வரும். தன் கால் மீது தானே கையால் ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் வயதுக்கு மீறித் திரண்டிருக்கும். இந்த நோய் பெரும்பாலும் நான்கைந்து வயதில்தான் உறுதி செய்யப்படுகிறது. அதற்குள் அந்தத் தாய் அடுத்த குழந்தையையும் பெற்றிருக்கலாம். குறையுள்ள மரபணு அவரிடம் இருந்தால், பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நடை தாமதமானபோதே, தசை சிதைவதைக் காட்டிக்கொடுக்கும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்திருந்தால் சந்தேகம் அன்றைக்கே எழுந்திருக்கும்.

அரிய நோயைக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்று எதிரணியில் குறிப்பு எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. எழுதுங்கள், எளியதையும் சேர்த்து எழுதுங்கள். வைட்டமின் டி குறைந்து எலும்பு வலுவிழந்தாலும் நடை தள்ளிப்போகும்; மருந்து கொடுத்தால் சரியாகும். தைராய்டு குறைவாலும் வளர்ச்சி பின்தங்கும். தினம் ஒரு மாத்திரை போதும், ஆனால் அதைத் தொடங்குவதில் தாமதம் கூடாது, ஏனென்றால் அங்கே பாதிக்கப்படுவது மூளையும்தான்.

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் பிறக்கும் குழந்தையைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், காலை மடக்கி விரித்து வைக்கும் வார்ப்பட்டையே பெரும்பாலும் போதும். அதைத் தாண்டினால் மயக்க மருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போடுவார்கள். ஒன்றரை வயதையும் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான், சில சமயம் எலும்பை வெட்டிச் சீராக்கவும் வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைக்கு வலி இருக்காது, அழவும் அழாது. ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரியும். முழங்காலை மடக்கி விரித்தால் ஒரு பக்கம் பாதியிலேயே நின்றுவிடும். உடை மாற்றும் தாய்க்குக்கூடப் பிடிபடாத அந்த வேறுபாட்டை, பழகிய கை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

ஓர் இடத்தில் எதிரணிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து மாதம் எண்ணக் கூடாது என்றார்கள். சரியே. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இருபதாம் மாதம்தான் பதினெட்டாம் மாதம். அதே நேரத்தில், பதினெட்டு வரைகூடக் காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் உண்டு: ஒன்பது மாதம் கடந்தும் உட்காராத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே நீட்டும் குழந்தை, தூக்கினால் கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தை, கற்றதை இழக்கும் குழந்தை. இவர்கள் விஷயத்தில் அடுத்த நாள் என்பதே தாமதம்.

"இவர்கள் குழந்தையைக் கட்டாயப்படுத்தி நடக்க வைப்பார்கள்" என்றும் எங்கள் மீது ஒரு குற்றச்சாட்டு. யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? சக்கரம் வைத்த வாக்கருக்குள் குழந்தையை இறக்கிவிட்டுப் பொறுமையைப் பற்றிப் பேசும் வீடுகள் எத்தனையோ! அது நடையைக் கற்றுத்தருவதில்லை. கால்விரலால் தள்ளத்தான் பழக்குகிறது. படிக்கட்டில் உருண்டு அடிபடுவதும் சேர்ந்து வருகிறது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குழந்தைக்கு வேண்டியது தரையும் வெறுங்காலும் விழுவதற்கு அனுமதியும். நடக்கப் பழகும் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து 17 முறை விழுகிறார்கள் என்று நியூயார்க்கில் ஆய்வாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் எண்ணியே காட்டினார்கள். அந்த விழுதலை நாங்கள் தடுக்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு சந்திப்புதான். எந்த மாதம் உட்கார்ந்தது, எப்போது பிடித்துக்கொண்டு நின்றது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். தரையில் நகர்வதைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். பெரும்பாலோரிடம் மருத்துவர், "ஒன்றுமில்லை, இரண்டு மாதம் கழித்து வாருங்கள்" என்றே சொல்வார். அதுவும் காத்திருப்புதான், நடுவர் அவர்களே, பார்த்துவிட்டுக் காத்திருப்பது.

மணியில் உங்கள் கை போய்விட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி: எத்தனையாவது மாதம் வரை பொறுக்கலாம்? நாங்கள் எங்கள் எண்ணைச் சொல்லிவிட்டோம். அவரும் தம் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.