மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயரில் இருக்கும் அந்த டாக்டரம்மா யார்?

[காட்சி: பாலக்கோடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கர்ப்பிணிகள் வரிசை.]

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால், நர்ஸம்மா கேட்பது ஆதார், பேங்க் பாஸ்புக், பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்). எல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்காக. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். பெட்டகத்தைத் திறந்தால் ஆவின் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக். சரி, பெயரில் இருக்கும் டாக்டரம்மா யார்?

[காட்சி: பழைய புதுக்கோட்டைப் படங்கள்.]

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். முத்துலட்சுமி மெட்ரிக் பாஸ் ஆனதும் மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் வாங்காமல் சேர்க்கச் சொன்னார். ஆனாலும் வகுப்பில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவே திரை கட்டினார்கள்.

அந்தத் திரைக்குப் பின்னால் படித்தவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் டாக்டரானார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆன முதல் பெண் அவர்தான். ஹவுஸ் சர்ஜன் என்றால் ராத்திரி பகல் பாராமல் வார்டிலேயே கிடக்கும் வேலை. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு வீட்டிலேயே உயிரை விட்ட பெண்கள் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் கட்டிலருகே ஒரு பெண் டாக்டர் வந்து நிற்பது எவ்வளவு பெரிய தைரியம்!

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினார்.

அப்புறம் வந்தது பெரிய இடி. தங்கை புற்றுநோயில் இறந்தார். டாக்டராக இருந்தும் கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்பதை அதன்பின் அவர் விடவே இல்லை. நன்கொடை திரட்டித் திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான், இன்று நம் ஊர்க்காரர்கள் ரிப்போர்ட் ஃபைலோடு பஸ் ஏறிப் போகும் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. தங்கை போய் முப்பது வருஷம் கழித்து!

[காட்சி: சென்னை மாகாண சட்டசபை.]

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்கு வந்த முதல் பெண்ணும் இவரே. பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லி அங்கே வாதாடினார். சின்ன வயதில் பிள்ளை பெற்றால் உடம்பு என்ன ஆகும் என்பதைப் பிரசவ வார்டில் பார்த்தவர் அல்லவா?

நம் இரண்டு மாவட்டங்களிலும் சின்ன வயதில் கட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகத் தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரியானாலும் எடுப்பார்கள்.