வெற்றிடத்துக்கு எடை உண்டா?

[காட்சி: திருகோணமலை, சுவாமி மலை. பொழுது சாய்கிறது. கீழே கடல்.]

குரல்: கோணேசர் கோயில் வாசலில் நின்று, கடலுக்கு மேலே ஒரு கன மீட்டர் இடத்தை மனதால் பிரித்தெடுங்கள். காற்று, ஒளி எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் வெற்றிடத்துக்கு எடை உண்டா? உண்டு என்றுதான் அளவீடுகள் சொல்கின்றன: ஏறத்தாழ 4 புரோத்தன்களின் நிறை. அவ்வளவுதான்!

1998இல் தொலைதூரச் சுப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) ஆராய்ந்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சம் ஆர்முடுகலோடு விரிவதைக் கண்டன. 2011இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஐன்ஸ்டீன் 1917இல் சேர்த்து, பிறகு கைவிட்ட அண்டவியல் மாறிலி, அதாவது வெற்றிடத்துக்கே மாறாத சக்தி உண்டு, அது விரிவை முடுக்கும் என்று சொல்லும் எண், இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, சிக்கல் எங்கே?

[காட்சி: திரையில் 1, அதன் பின்னால் பூச்சியங்கள் ஓடிக்கொண்டே போகின்றன.]

குவாண்டம் பௌதிகத்தில் வெற்றிடம் சும்மா கிடப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுகளின் சக்தியை ஆகச் சிறிய நீளம்வரை கூட்டினால், அளந்த பெறுமதியைவிட 10இன் 120ஆம் அடுக்கு மடங்கு வருகிறது. எலக்ட்ரோனின் அளவோடு கூட்டலை நிறுத்தினாலும் தப்பவில்லை. அப்படிக் கணக்குப் போட்ட பௌதிகவியலாளர் பவுலி, பிரபஞ்சம் நிலாவரைகூட எட்டாது என்றாராம்.

அப்புறம், ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன? எஃப்-ஆர் ஈர்ப்பு, ஹோர்ன்டெஸ்கி கொள்கைகள் என்று, ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளை மாற்றியெழுதும் பல முயற்சிகள். 2017 ஆகஸ்ட் 17 அவற்றில் பலவற்றுக்குக் கெட்ட நாள். 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதின. அந்த மோதலில் எழுந்த ஈர்ப்பலை (வெளியிலேயே பரவும் அதிர்வு) வந்து 1.7 செக்கனில் காமாக் கதிரும் வந்து சேர்ந்தது. இரண்டின் வேகமும் ஒன்றே! ஈர்ப்பலைக்கு வேறு வேகம் சொன்ன கொள்கைகள் அடிபட்டுப் போயின. எஃப்-ஆர் பிழைத்துக்கொண்டது.

பிழைத்தவையும் பெரும்பாலும் ஆர்முடுகலுக்குத்தான் விளக்கம் தருகின்றன. அந்த ராட்சத வெற்றிடச் சக்தி எப்படியோ பூச்சியமாகிவிட்டது என்று முதலிலேயே வைத்துக்கொள்கின்றன. கோடிக் கடனை மூடி மறைத்துவிட்டு, சில்லறைக்குக் கணக்குக் காட்டுவது போல.

[காட்சி: இருட்டிய கொட்டியாரக் குடா, மேலே விண்மீன்கள்.]

பெரிய கடனிலேயே கைவைத்தவர்கள் குறைவு. வெளியெங்கும் பரவிய ஒரு புலம் தானாகச் சரிசெய்து அந்தச் சக்தியை அழித்துவிடும் என்ற யோசனைக்கு, பௌதிகவியலாளர் வைன்பெர்க் 1989இலேயே பலமான தடையைக் காட்டிவிட்டார். கலோப்பர், பாடியா என்ற இரு பௌதிகவியலாளர்கள் 2013இல் வேறு வழி பிடித்தார்கள்: வெற்றிடச் சக்தி இருந்துவிட்டுப் போகட்டும், ஈர்ப்பு அதைக் கண்டுகொள்ளாதபடி சமன்பாட்டை அமைப்போம். எனக்குப் பிடித்த முயற்சி இதுதான். கடன் இருப்பதையாவது ஒப்புக்கொள்கிறது.