வாரண்டி உள்ள காரை எங்கே சர்வீஸ் விடுவது?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் பல வருடமாகக் கார் பட்டறை நடத்துகிறேன். வெளிப் பட்டறைக்காரனான நானே சொல்கிறேன், வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

கம்பெனி என்றால் கார் வாங்கின ஷோரூம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கம்பெனி அங்கீகரித்த எந்த ஊர் சென்டரானாலும் சரி. ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த காபித் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். மகன் பெங்களூரில் வாங்கித் தந்த கார். ஒவ்வொரு சர்வீஸுக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஓமலூர், தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூருக்கே ஓட்டிப் போவார். அதே கம்பெனியின் சென்டர் சேலத்திலேயே இருக்கிறது! வேறு இடத்தில் விட்டால் வாரண்டி போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். வாரண்டி புத்தகத்தை எடுத்து வரச்சொல்லி, அந்தப் பக்கத்தை அவரையே படிக்கச் சொன்னேன். "இவ்வளவு நாள் போட்ட டீசல் எல்லாம் வீணாப் போச்சேங்க" என்றார்.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் விட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்கள் வண்டி அதிகம் ஓடாது. "கிலோமீட்டர் இன்னும் ஆகலையே" என்று தள்ளிப் போடுவீர்கள். மாதக் கணக்கு முடிந்திருக்கும். நாளைக்கு இன்ஜினில் கோளாறு வந்தால், சர்வீஸ் தவறியதைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்கலாம். கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், தேதியையும் பாருங்கள்.

பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் தேயும் பொருள்கள். பொதுவாக இவற்றின் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. மலை இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல், கியரைக் குறைத்து இறங்குங்கள்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனதற்காக மட்டும் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது, அங்கே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் அதை நம்பி இறங்காதீர்கள், புத்தகத்தில் உள்ளபடியே செய்யுங்கள். எல்லா பில்லையும் பத்திரமாக வையுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணக்கம்.