கந்தரோடையில் விழுந்த பரமேஸ்வரன்

(வலிகாமத்து வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இன்று நான் ஓர் இந்தியப் படை அதிகாரியைப் பற்றிப் பேசப்போகிறேன். அறிவித்தல் பலகையில் தலைப்பைக் கண்டதும் இரண்டு பேர் வந்து, "மாஸ்டர், இது இப்போது எதற்கு?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். 1987 ஐப்பசியில் நாங்கள் பட்டதை நானும் மறக்கவில்லை. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் படையின் எவரைப் பற்றியும் நான் பேச மாட்டேன். ஆனாலும் அந்த மனிதர் செத்தது நமது கந்தரோடையில். நமது மண்ணில் நடந்த ஒரு மரணத்தை டில்லியில் ஒருவிதமாகச் சொல்லட்டும். நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946 செப்டெம்பர் 13இல் பம்பாயில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் பயிற்சி பெற்று 1972இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். மகார்கள் மராட்டிய மண்ணின் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர்கள். பிரித்தானியர் ஒரு கட்டத்தில் அவர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அம்பேத்கர் விடாமல் வாதாடிய பின்னர், 1941இல் மகார் படைப்பிரிவு உருவானது. அந்தப் படைப்பிரிவில் பரமேஸ்வரன் மிசோரம், திரிபுரா மலைக்காடுகளில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அந்தக் காலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நமக்கு வேண்டியது கடைசி நான்கு மாதங்கள்.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். அடுத்து அமைதிப் படை என்ற பெயரில் வந்த இந்தியப் படையை நாம் மாலை போட்டு வரவேற்றோம். வீதியோரத்தில் நின்று கை காட்டியவர்களில் நானும் ஒருவன். ஒக்டோபர் 10ஆம் திகதி அதே படை நமது பிள்ளைகளோடு, விடுதலைப் புலிகளோடு, சண்டையைத் தொடங்கியது. பரமேஸ்வரனின் 8ஆவது மகார் படையணி உடுவில் பக்கம் நிலைகொண்டது.

அந்த நாள்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரடங்கு. ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. படலையைத் தள்ளிக்கொண்டு நான்கு சிப்பாய்கள் வந்தார்கள். வளவு முழுவதும் தேடினார்கள், வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தார்கள். போகும்போது ஒருவன் மட்டும் கிணற்றடியில் நின்று, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்" என்றான். தமிழ்! என் அம்மா செம்பை நீட்டினார். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் அவருடைய சேலையிலேயே ஊற்றுப்பட்டது. "எந்த ஊர், தம்பி?" "திருநெல்வேலி, அம்மா." அம்மா ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நமக்கும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. சில நாள்களுக்கு முன்புதான் அந்தத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளவுக்குள் ஹெலிகொப்டரில் வந்து இறங்கிய சீக்கியப் படையினர் ஏறத்தாழ எல்லோரும் மாண்டிருந்தார்கள். அந்த இடத்துச் சந்தியின் பெயர் பரமேஸ்வராச் சந்தி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய கல்லூரியின் பெயரால் வந்த பெயர். பரமேஸ்வரன் என்று ஒருவனைக் கூப்பிட்டால் நமது ஊரில் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

நவம்பர் 24ஆம் திகதி இரவு. கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதம் இறக்கப்படுகிறது என்று தகவல் வந்தது. பரமேஸ்வரன் தன் ஆட்களோடு போனார். அது கார்த்திகை. நமது செம்மண் அந்த மாதத்தில் சப்பாத்தை எப்படிப் பிடித்து இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டி வீட்டைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். திரும்பும்போது பதுங்கியிருந்த போராளிகள் பின்னாலிருந்து சுட்டார்கள். பரமேஸ்வரன் சுற்றிப்போய், அவர்களுக்குப் பின்புறமாகப் பாய்ந்தார். கைக்குக் கை நடந்த சண்டையில் ஒரு போராளி அவருடைய நெஞ்சில் சுட்டான். குண்டை வாங்கிக்கொண்டே அவர் அந்தத் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 41 வயது. இந்தியாவின் மிக உயர்ந்த வீர விருதான பரம வீர சக்கரம் இறந்த பின் அவருக்குக் கிடைத்தது. இங்கு வந்த அந்தப் படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நெஞ்சில் குண்டு பட்ட பின்னும் தன் ஆட்களை நினைத்தவர் அவர். ஆனால் அந்த விருதுக் குறிப்பை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் வந்து நிற்கிறேன். ஐந்து போராளிகள் கொல்லப்பட்டார்கள், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ரொக்கெட் செலுத்திகளும் கைப்பற்றப்பட்டன. அவ்வளவுதான். ஆயுதத்துக்கு இருக்கிற கணக்குதான் அந்த ஐவருக்கும். அவர்களுக்கு வயது என்ன? எந்த ஊர்ப் பிள்ளைகள்? பரமேஸ்வரன் பறித்த துப்பாக்கியைப் பிடித்திருந்த பிள்ளையின் தாய்க்கு யார் போய்ச் சொன்னார்கள்? ஒரே மொழியில் அம்மா என்று அழைத்துப் பழகிய இருவர் ஒரு முழ தூரத்தில் ஒருவரை ஒருவர் கொன்றிருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவருக்குத் தீவு இருக்கிறது. மற்றவருக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

கந்தரோடைத் தூபிகளைத் தோண்டிப் பார்த்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மண்ணைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறோம். 1987இல் அதே ஊரில் நடந்ததை நாம் எழுதவில்லை. அந்த விடியலில் வெடிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கிறீர்கள். எழுபதைத் தாண்டிவிட்டீர்கள்.

வாசல் மேசையில் ஒரு சி. ஆர். கொப்பி வைத்திருக்கிறேன், பேனையும் இருக்கிறது. போகும்போது, கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அந்தச் செம்புத் தண்ணீரை எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பரமேஸ்வரனின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஐந்து வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.