வரத்து எங்கே, வான் எங்கே?

(கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியோருக்கும், பின்வாங்கில் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

"ஆசியாவில் பார்க்க வேண்டிய அதிசயங்கள்" என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். ஆசியா பெரியது. எனக்குத் தந்திருப்பது அரை மணித்தியாலம். ஆகவே தாஜ்மகாலையும் சீனப் பெருஞ்சுவரையும் நான் தொடப்போவதில்லை. அவற்றைப் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் குளத்தடியில் வளர்ந்தவன். எந்த ஊரில் தண்ணீரைக் கண்டாலும் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: வரத்து எங்கே, வான் எங்கே? தண்ணீர் வந்து சேரும் வழி வரத்து, மிஞ்சியது வெளியேறும் வழி வான். அதைக் கேட்டுக்கொண்டு போனால் வேறோர் ஆசியா தெரிகிறது.

ரஷ்யாவின் சைபீரியாவில் உள்ள பைக்கால் ஏரியை எடுங்கள். ஆழம் 1,642 மீற்றர். உலகின் மேற்பரப்பில் உறையாமல் கிடக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரிக்குள் இருக்கிறது. 300க்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து விழுகின்றன. வெளியே போவது அங்காரா என்ற ஒரே ஆறு. முந்நூறு வரத்து, ஒரு வான்! நம் இரணைமடுக் குளத்தில் வான்கதவு பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் அன்றிரவு நித்திரை வராது. சாக்கடலுக்கோ வானே இல்லை. கடல்மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. வந்த நீர் ஆவியாகத்தான் போக வேண்டும், உப்பு தங்கிவிடும். யோர்தான் ஆற்று நீரை மேலேயே மறித்து எடுப்பதால் இப்போது ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. போக நினைப்பவர்கள் சுணங்க வேண்டாம்.

கம்போடியாவுக்கு நானே போனேன். செலவு மகளுடையது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய அங்கோர் வாட்டில் எல்லோரும் கோபுரத்தைப் படம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் போனது மேற்குப் பாராய் என்ற குளத்துக்காக. 11ஆம் நூற்றாண்டுக் குளம். எட்டுக் கிலோமீற்றர் நீளம், இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல் அகலம். "அங்கே வெறும் தண்ணீர்தான், பதினைந்து நிமிடம் போதும்" என்றான் வழிகாட்டி. நான் ஒரு மணித்தியாலம் குளக்கட்டின் மேல் குந்தியிருந்தேன். பஸ்ஸில் காத்திருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மகள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

நமது குளங்களுக்குக் கட்டு பெரும்பாலும் ஒரு பக்கம்தான். நிலம் சரிகிற பக்கத்தை மறித்துவிட்டால் மற்றப் பக்கம் காட்டுக்குள் அலைகரையாக விரிந்துகொள்ளும். பாராய் நீள்சதுரம். தட்டை நிலத்தில் நான்கு பக்கமும் மண்ணைக் குவித்து, நீரைத் தரைக்கு மேலே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாம் கூடையால் சுமந்த மண். நடுவே தீவில் ஒரு சிதைந்த கோயில். பள்ளிகொண்ட விஷ்ணுவின் வெண்கலச் சிலையின் மேற்பாதி 1936இல் அங்கேதான் கிடைத்தது.

அதே நாட்டில் தொன்லே சாப் ஏரி. ஏரிக்கும் மேகொங் ஆற்றுக்கும் இடையில் ஓடும் ஆறு கோடையில் ஏரி நீரைக் கொண்டுபோய் மேகொங்கில் விடுகிறது. மழைக்காலத்தில் மேகொங் பெருகி முட்டித் தள்ள, அந்த ஆறு திரும்பி ஏரிக்குள் ஓடுகிறது. ஏரி ஐந்தாறு மடங்காகப் பெருத்துவிடுகிறது. நேற்று வானாக இருந்தது இன்று வரத்து. கரை வீடுகள் பனங்குற்றி போன்ற நெடுங்கால்களில் நிற்கின்றன; கோடையில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் வாசல் தெரியும்.

யோர்தானில் பெத்ரா. பாறையில் குடைந்த முகப்பைப் படத்தில் கண்டிருப்பீர்கள். அங்கே போகும் 1.2 கிலோமீற்றர் மலையிடுக்கில் இரு பக்கச் சுவரையும் பாருங்கள்: அந்தப் பழைய நகரத்தை ஆண்ட நபத்தேயர்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய வாய்க்காலும் பதித்த சுடுமண் குழாயும் இருக்கின்றன. காட்டாற்று வெள்ளம் இடுக்குக்குள் நுழையாதபடி வாசலில் அணை கட்டி, மலையைக் குடைந்து திருப்பியும் விட்டார்கள். அந்த அணை காலத்தால் அழிந்தது. 1963இல் வெள்ளம் உள்ளே புகுந்து பிரெஞ்சுப் பயணிகள் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிறகுதான் பழைய இடத்தில் அணையைத் திரும்பக் கட்டினார்கள். இங்கே 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரவோடிரவாகப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் டிக்கெட் என்றால் எங்கே போவீர்கள் என்று அழைக்க வந்த தங்கச்சி கேட்டார். சீனாவின் துஜியாங்யான் என்ற பழைய பாசன அமைப்பு. நான் இன்னும் போகவில்லை. படித்தும் படம் பார்த்தும்தான் சொல்கிறேன். கி.மு. 256 அளவில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றில் தொடங்கிய வேலை. ஆற்றை அவர் மறிக்கவில்லை. நடுவே மீன்வாய் போல ஒரு கரை எழுப்பி இரண்டாகப் பிரித்தார். நீர் குறைந்த காலத்தில் ஆறு பங்கு வயலுக்கு, நான்கு பங்கு வெளியே. வெள்ளத்தில் மாறி நடக்கும். வயல் பக்கம் நீருக்கு வழிவிட மலையை உடைக்க வேண்டும், வெடிமருந்து இல்லை. பாறையை நெருப்பால் சுட்டு, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்தார்கள். கரைக்கு, மீன் பறி போல நீளமாகப் பின்னிய மூங்கில் கூடுகளில் ஆற்றுக் கல்லை நிரப்பி அடுக்கினார்கள்.

அளவுகோலுக்கு மூன்று கல் மனிதர்களை நீரில் நிறுத்தினாராம். வற்றினாலும் பாதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, பெருகினாலும் தோளுக்கு மேலே ஏறக் கூடாது. "குளம் இன்றைக்கு எத்தனை அடி?" என்று நாம் தேநீர்க்கடையில் கேட்பதை அங்கே "எந்த மட்டில் நிற்கிறது, முழங்காலா இடுப்பா?" என்று கேட்டிருப்பார்கள். ஆற்றின் அடியில் இரும்புத் தண்டுகளும் புதைந்திருக்கின்றன. மாரிக்கு முன் வண்டல் அள்ளும்போது தண்டு தெரியும் வரை தோண்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் மேலால் வழித்துவிட்டுக் காசோலை வாங்க முடியாது. (சிரிக்காதீர்கள், நான் எந்த வாய்க்காலையும் சொல்லவில்லை.) 2008 நிலநடுக்கத்தில் மீன்வாய் வெடித்தது, பாசனம் நிற்கவில்லை.

இரணைமடுக் கட்டருகில் கனகாம்பிகை அம்மன் இருப்பது போல அங்கே லி பிங்குக்கும் மகனுக்கும் கோயில். ஏப்ரல் தொடக்கத்தில் நீர் திறக்கும் விழா. வண்டல் அள்ளுவதற்காக ஆற்றைத் தற்காலிகமாக மறித்து நிறுத்திய மரமுக்காலிகளின் கட்டுகளைக் கோடரியால் வெட்டுகிறார்கள். முக்காலிகள் சரிய, தண்ணீர் பாய்கிறது. இளவட்டங்கள் கரைவழியே ஓடித் தண்ணீரின் தலைக்குக் கல் எறிவார்கள். வயதானவர்கள் அந்த முதல் தண்ணீரை அள்ளிச் சாமிக்கு வைக்க முந்துவார்கள்.

நாங்கள் கல் எறிந்ததில்லை. கோடைச் சிறுபோக வயலுக்குத் துருசு (மதகு) திறந்த நாளில் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்கு முன்னால் ஓடுவோம். கால் நனைந்தவன் தோற்றவன்.