ரின்னுக்குள் ஐம்பது ரவை

வணக்கம் நேயர்களே. அவசர காலத்துக்கு வீட்டில் என்ன சேர்த்து வைக்கலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அரிசி, பருப்பைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் துவக்கு ரவையைப் பற்றிப் பேசுகிறேன்.

சுவிஸுக்கு வந்த புதிதில் கீழ் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு தருகிறேன் என்று என்னை நிலவறைக்குக் கூட்டிப்போனார். ஜாம் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு தகர ரின் இருந்தது. மீன் ரின் என்று நினைத்துத் தூக்கினேன். அரைக் கிலோவுக்கு மேல் கனம். "ஐம்பது ரவை, ஆமி தந்தது" என்றார், ஏதோ உப்புப் பைக்கற்றைச் சொல்வதுபோல. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. நான் பிறந்த ஊரில் முற்றத்தில் வெற்றுக் கோது கிடந்தாலே அம்மா கிணற்றடியில் தாட்டுவிடுவார்.

அவர் வைத்திருந்ததில் தப்பில்லை. இங்கே ராணுவத்தில் பெரும்பாலானோர் பொதுமக்கள்தான். துவக்கு வீட்டில் இருக்கும். திடீரென்று யுத்தம் வந்தால் ஒன்றுகூடும் இடம்வரை போய்ச்சேர அந்த ஐம்பது ரவை. கைத்துப்பாக்கிக்காரருக்கு 48. அந்த நாளில் கட்டளை வராமல் ரின்னைத் திறந்தால் தண்டனை. மூடி உடைபடவில்லையா என்று பரிசோதனையும் இருந்தது. ரவையைச் சேமிப்பதில் எனக்குப் பிடித்த புத்தி இதுதான்: எண்ணிக்கை தெரியும், எதற்கென்று தெரியும், திறந்தால் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் துவக்கும் ரவையும் ஒரே வீட்டில் இருந்தால், கோபம் வந்த இரவில் ரின்னின் மூடி எந்த மூலைக்கு? ராணுவத் துவக்கால் நடந்த தற்கொலைகளும் குடும்பக் கொலைகளும் பெரிய விவாதமாகின. 2006இல் பனிச்சறுக்கு வீராங்கனை கொரின் ரே-பெல்லேயை அவருடைய கணவரே ராணுவக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 2007இல் ரின்களைத் திரும்ப வாங்குவது என்று முடிவானது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ரின்கள். 2011க்குள் ஏறக்குறைய எல்லாம் வந்து சேர்ந்தன. அதே 2011 பெப்ரவரியில், ராணுவத் துவக்குகளையும் வீட்டிலிருந்து எடுக்கலாமா என்ற வாக்கெடுப்பில் 56 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். துவக்கு இருக்கட்டும், ரவை போகட்டும். அரைகுறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நல்ல கணக்காகவே படுகிறது.

தனியாக ரவை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் விசேட அனுமதி இல்லாமல் இங்கே துவக்கோ ரவையோ வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. சட்டத்தில் நாட்டின் பெயரே இருக்கிறது. சுவிஸ் குடியுரிமை எடுத்து, அனுமதியோடு சுடப் பழகுகிறவர்கள், ஒரு பருவப் பயிற்சிக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வந்த பெட்டியிலேயே, ஈரம் படாத இடத்தில், துவக்கிலிருந்து தள்ளிப் பூட்டி வையுங்கள். பழையதை முதலில் சுட்டு முடியுங்கள். ஈர நிலவறையில் கிடந்து பச்சை பூத்த ரவையை நம்பாதீர்கள். பொலிஸில் கொடுத்துவிடுங்கள்.

என் மகனும் ராணுவச் சேவைக்குப் போனான். வருஷாவருஷம் கட்டாயச் சூட்டுக்குப் போவான். 300 மீற்றர், 20 ரவை. அங்கேயே தருவார்கள், மிச்சம் இருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு வருவான். வீட்டில் ஒரு ரவையும் இல்லை. துவக்கு அலுமாரியில், அதன் திறவுகோல் எங்கே என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

அரசாங்கம் இப்போது ஆளுக்கு 9 லீற்றர் தண்ணீர், ஒரு கிழமைச் சாப்பாடு, பற்றரி றேடியோ வைக்கச் சொல்கிறது. நாங்கள் நாலு பேர். நிலவறையில் 36 லீற்றர் அடுக்கியிருக்கிறேன். அதில் ஆறு போத்தலுக்குப் போன மாதமே திகதி முடிந்துவிட்டதாம், மனைவி காலையில்தான் சொன்னார்.